கிண்டர்டைக் காற்றாலைகள்

மலாக்காவின் டச்சுச் சதுக்கத்துக்குச் சென்றவர்கள், அங்குள்ள சிவப்புக் கட்டடங்களுக்கு அருகில் ஒரு சிறிய காற்றாலையைப் பார்த்திருப்பார்கள். படம் எடுத்துக்கொள்ள ஏற்ற இடம் அது. ஆனால், அது வெறும் மாதிரிதான்; அதற்கு வேலை எதுவும் கிடையாது. 1641ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் தாய்நாடு நெதர்லாந்து. அங்கே இதே உருவம் கொண்ட ஆலைகள் பல நூற்றாண்டுகள் இரவு பகலாக உழைத்தன. அவை கோதுமை அரைத்தன, மரம் அறுத்தன, எண்ணெய் ஆட்டின. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு வேலையையும் சில ஆலைகள் செய்தன. நிலத்தில் தேங்கும் நீரை இறைத்து வெளியேற்றும் வேலை அது.

அவ்வாறு நீர் இறைத்த 19 ஆலைகளை இன்றும் ஒரே இடத்தில் காணலாம். ரோட்டர்டாம் நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிண்டர்டைக் என்னும் சிற்றூரே அந்த இடம். நகரிலிருந்து ஆற்றுவழியாகப் படகிலும் அங்குப் போகலாம். படகிலிருந்து இறங்கிக் கரைமேல் ஏறி நின்றால், இரண்டு நீண்ட கால்வாய்களும் அவற்றின் ஓரங்களில் வரிசையாக நிற்கும் ஆலைகளும் கண்ணில் படும். நாணற்புற்களும் புல்வெளிகளும் தவிர வேறு மறைப்பு இல்லை. நிலம் அவ்வளவு தட்டை.

அந்தத் தட்டை நிலத்தில்தான் கதை தொடங்குகிறது. நெதர்லாந்தின் ஏறக்குறைய கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளது. கிண்டர்டைக் இருக்கும் அல்பிளாசர்வார்ட் பகுதி, ஒரு காலத்தில் சதுப்புக்காடு. அதன் மண், செடிகொடிகள் மட்கி உருவான கரிமண். மலேசியாவில் சரவாக்கிலும் சிலாங்கூரிலும் காணப்படும் ‘பீட்’ மண்ணைப் போன்றது. இம்மண்ணில் பாதிக்கு மேல் நீர்தான் இருக்கும். பயிர் செய்வதற்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், நனைந்த பஞ்சு காய்ந்து சுருங்குவதுபோல் நிலமும் சுருங்கித் தாழும். தாழ்ந்த நிலத்தில் மறுபடியும் நீர் தேங்கும். அதை வடித்தால் நிலம் இன்னும் தாழும். நீரை அகற்ற அகற்ற, அகற்ற வேண்டிய தேவை கூடிக்கொண்டே போகும். இந்தச் சிக்கலில் அகப்பட்டுக்கொண்ட விவசாயிகளின் வாரிசுகளே இன்றைய அல்பிளாசர்வார்ட் மக்கள்.

தனி ஒருவரால் இதைச் சமாளிக்க முடியாது. ஒருவர் தம் வயலின் நீரைப் பக்கத்து வயலில் விட்டால், அங்கே சண்டைதான் வரும். எனவே, 1277ஆம் ஆண்டில் ஹாலந்துப் பிரபு ஐந்தாம் புளோரிஸ், இப்பகுதியின் கரைகளையும் கால்வாய்களையும் பொதுவில் பராமரிக்க ஒரு நீர் நிர்வாக அமைப்பை ஏற்படுத்தினார். கால்வாய்கள் யாவும் நிலத்தின் தாழ்ந்த மூலையான கிண்டர்டைக் நோக்கி வெட்டப்பட்டன. அங்கே, லெக் ஆற்றின் கரையில் மதகுகள் அமைக்கப்பட்டன. ஆற்றில் நீர் வற்றும்போது மதகைத் திறப்பார்கள்; ஏறும்போது மூடிவிடுவார்கள். அந்த எளிய ஏற்பாடு சில நூற்றாண்டுகள் பலன் தந்தது.

ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1421ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளம் சற்று அடங்கியபோது, ஒரு மரத்தொட்டில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கியதாம். தொட்டில் சாயும்போதெல்லாம் ஒரு பூனை இங்குமங்கும் தாவி, அதைக் கவிழாமல் காத்ததாம். உள்ளே ஒரு குழந்தை உயிருடன் இருந்ததாம். கிண்டர்டைக் என்றால் ‘குழந்தையின் கரை’ என்று பொருள். பூனையின் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், அந்த வெள்ளம் உண்மையில் நடந்தது. அதில் பல ஊர்கள் மூழ்கின.

காலப்போக்கில் நிலம் மேலும் தாழ்ந்தது. ஆற்று நீரின் மட்டமோ உயர்ந்தது. மதகைத் திறந்தாலும் நீர் வெளியேறவில்லை. அந்நிலையில்தான் கிண்டர்டைக்கில் வரிசையாக ஆலைகள் எழுந்தன. 1738ஆம் ஆண்டில் நெடர்வார்ட் நிர்வாகம் செங்கல்லால் எட்டு வட்ட ஆலைகளைக் கட்டியது. 1740ஆம் ஆண்டில், கால்வாயின் எதிர்ப்பக்கம் ஓவர்வார்ட் நிர்வாகம் எட்டு ஆலைகளைக் கட்டியது. இவை எண்கோண வடிவமானவை, நாணல் வேய்ந்தவை. இரண்டு வரிசையையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக் கட்டியதுபோல் தோன்றும். எஞ்சிய மூன்று ஆலைகள் அருகிலுள்ள பிற பகுதிகளுக்காகக் கட்டப்பட்டவை.

நீர் ஒரே தாவலில் ஆற்றுக்குப் போய்விடவில்லை. வயல்களிலிருந்து சிறு ஆலைகள் நீரை இறைத்துத் தாழ்வான கால்வாயில் விட்டன. கிண்டர்டைக்கின் பெரிய ஆலைகள் அதைத் தாழ்வான கால்வாயிலிருந்து தூக்கி, உயரமான தேக்கத்தில் ஊற்றின. ஆற்றின் மட்டம் குறையும்வரை நீர் அங்கே காத்திருக்கும். பிறகு மதகு திறக்கப்படும். படிக்கட்டில் ஒரு குடம் நீரைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப் போன்றது இது. ஒரு கை ஓய்ந்தாலும், கீழே நிற்பவரின் காலடியில் நீர் சேரத் தொடங்கிவிடும்.

ஆலையின் இயக்கம், பார்த்தவுடன் புரியக்கூடியது. இறக்கைகள் ஒரு பருத்த தண்டில் பூட்டப்பட்டுள்ளன. தண்டு சுழலும்போது, அதில் மாட்டிய பெரிய பற்சக்கரமும் சுழலும். அது நேர்நின்ற நீண்ட மரத்தூண் ஒன்றைச் சுற்றும். அத்தூண் ஆலையின் உச்சியிலிருந்து அடித்தளம்வரை இறங்குகிறது. கீழே வேறொரு பற்சக்கரம், துடுப்புகள் கொண்ட ஒரு பெரிய நீர்ச்சக்கரத்தைத் திருப்பும். துடுப்புகள் நீரை அள்ளி மேல்மட்டத்துக்குத் தள்ளும். நீர் ஓடும்போது அதன் வேகத்தாலேயே ஒரு கதவு திறந்துகொள்ளும். சக்கரம் நின்றதும் மேல்மட்ட நீர் திரும்பி வர முயன்று அக்கதவைத் தானே சாத்திவிடும். பற்கள் மரத்தால் ஆனவை. தேய்மானத்தைக் குறைக்க அவற்றில் தேன்மெழுகு பூசுவார்கள். தமிழ்நாட்டுக் கிணறுகளில் ஏற்றமும் கவலையும் செய்த வேலையைத்தான் இச்சக்கரமும் செய்தது. அங்கே மனிதரும் மாடும் இழுத்தனர். இங்கே காற்று இழுத்தது.

காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. ஆகையால், இறக்கைகளோடு சேர்த்து ஆலையின் தலைப்பகுதி முழுவதையும் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். பின்புறத்தில் ஒரு நீண்ட மரக்கம்பு வால்போல் தரைவரை சாய்ந்து இறங்குகிறது. அதன் அடியில், கப்பலின் சுக்கானைப் போன்ற ஆரக்கால் சக்கரம் ஒன்று இருக்கும். ஆலைக்காரர் ஆலையைச் சுற்றி நடப்பட்ட முளைகளில் ஒன்றில் சங்கிலியை மாட்டுவார். பிறகு கையாலும் காலாலும் ஆரக்கால்களை அழுத்திச் சக்கரத்தைச் சுற்றுவார். பல டன் எடையுள்ள தலைப்பகுதி, முனகிக்கொண்டே மெல்ல நகரும். ஒரே ஆள் போதும், ஆனால் வியர்த்துவிடும்.

அடுத்த வேலை பாய் விரிப்பது. ஒவ்வோர் இறக்கையும் ஏணிபோன்ற மரச்சட்டம். அதன்மேல் கித்தான் துணியை விரித்துக் கட்டினால்தான் மென்காற்றிலும் அது சுழலும். ஆலைக்காரர் ஓர் இறக்கையைக் கீழ்நோக்கி நிறுத்தி, சட்டத்தில் ஏறித் துணியை விரித்துவிட்டு இறங்குவார். பிறகு அடுத்த இறக்கையைக் கீழே கொண்டுவருவார். நான்கு இறக்கைக்கும் நான்கு முறை ஏற வேண்டும். காற்று வலுத்தால் துணியைச் சுருட்ட மறுபடியும் நான்கு முறை. கடுங்காற்றில் வெறும் சட்டமே போதுமானது.

இதில் ஆபத்தும் உண்டு. இந்த ஆலைகளின் ஓர் இறக்கை நுனியிலிருந்து எதிர் இறக்கையின் நுனிவரை ஏறக்குறைய 28 மீட்டர். நுனி, தரைக்குச் சற்று மேலே உரசுவதுபோல் கடந்து செல்லும். ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கைகள் கடக்கின்றன என்று எண்ணித்தான் ஆலைக்காரர் வேகத்தைக் கணிப்பார். நிமிடத்துக்கு 60 இறக்கைகள் கடந்தால், தண்டு 15 முறை சுற்றியிருக்கும். அப்போது நுனியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர்! தூரத்திலிருந்து சோம்பலாகச் சுற்றுவதுபோல் தெரியும் இறக்கை, கிட்டே நெருங்கினால் நெடுஞ்சாலைக் காரின் வேகத்தில் பாய்கிறது. அதனால்தான் ஓடும் ஆலையின் முன்புறம் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். திடீரெனப் புயல் வந்துவிட்டால் வேறொரு சிக்கல். பெரிய பற்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் மரத்தடையைப் போட்டால், உராய்வின் சூட்டில் தீப்பிடிக்கலாம். அப்படி எரிந்துபோன ஆலைகள் உண்டு. எனவே, நல்ல ஆலைக்காரர் தடையை நம்பியிருக்க மாட்டார். மேகத்தைப் பார்த்து முன்கூட்டியே பாயைச் சுருட்டிவிடுவார்.

இவ்வளவு அபாயமான இயந்திரத்துக்குள்தான் குடும்பங்கள் வாழ்ந்தன. கிண்டர்டைக்கில் அருங்காட்சியகமாக்கப்பட்ட ஆலைக்குள் நுழைந்தால், அந்த வாழ்க்கையின் நெருக்கடி உடனே புரியும். கீழ்த்தளத்தில் சிறிய அறை. சுவருக்குள் அலமாரிபோல் அமைந்த கட்டில். கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். கையளவு சன்னல்கள். செங்குத்தான ஏணிப்படிகள். அறையின் அருகிலேயே மரத்தூணும் பற்சக்கரங்களும் சுழலும்போது, வீடே மெல்ல அதிரும். இத்தகைய வீட்டில் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்த்த பெற்றோர் இருந்தனர். சம்பளம் குறைவு. ஆகவே மீன் பிடித்தார்கள். காய்கறித் தோட்டம் போட்டார்கள். நள்ளிரவில் காற்று எழுந்தாலும், ஆலைக்காரர் எழுந்து போக வேண்டும். காற்றுக்கு விடுமுறை நாள் தெரியாது.

பின்னர் நீராவி வந்தது. 1868ஆம் ஆண்டில், கிண்டர்டைக்கில் விஸ்போம் என்னும் நீராவி இறைப்பு நிலையம் கட்டப்பட்டது. காற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத இயந்திரம் அது. அதன்பின் மின்சாரமும் டீசலும் வந்தன. நெதர்லாந்து முழுவதும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 காற்றாலைகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஆயிரத்துக்குச் சற்று அதிகம். பல ஆலைகள் இடித்து விறகாக விற்கப்பட்டன. சிலவற்றின் இறக்கைகளைக் கழற்றிவிட்டுக் கிடங்காக்கினார்கள்.

கிண்டர்டைக் ஆலைகள் தப்பியதற்கு ஒரு காரணம், அவை இன்னும் தேவைப்பட்டன என்பதே. நீராவி நிலையத்துக்குத் துணையாக அவை இறைத்துக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருள் கிடைக்கவில்லை. புதிய இயந்திரங்கள் முடங்கின. அப்போது இருநூறு ஆண்டுப் பழைய ஆலைகள்தாம் மீண்டும் பாய் விரித்து அப்பகுதியை மூழ்காமல் காத்தன. ‘இனிப் பயனில்லை’ என்று சொல்லப்பட்டவை, புதியவை கைவிட்ட நேரத்தில் கைகொடுத்தன. 1950ஆம் ஆண்டளவில் அவற்றின் அன்றாடப் பணி முடிவுக்கு வந்தது. இன்று மின்சார, டீசல் நிலையங்கள் நீரை இறைக்கின்றன. பெரிய திருகாணிபோன்ற உருளைகள் மெல்லச் சுழன்று நீரை மேலேற்றுவதைப் பயணிகள் கரையில் நின்றே பார்க்கலாம்.

வேலை முடிந்த ஆலையை ஏன் வைத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி நெதர்லாந்திலும் எழுந்தது. 1923ஆம் ஆண்டில், ஆலைகளைக் காப்பாற்ற ‘டி ஹாலன்ட்சே மோலன்’ என்னும் சங்கம் தோன்றியது. இடிப்பைத் தடுப்பதும் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவதும் கடினமாக இருந்தாலும், செய்ய முடிந்த வேலைகளே. ஆனால், வேறு ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. ஆலைகளை ஓட்டத் தெரிந்தவர்கள் முதுமையடைந்து மறைந்தனர். அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டனர். புதிதாக நாணல் வேய்ந்து, புதிய இறக்கை பூட்டி நிறுத்திய ஆலையைச் சுற்றவைக்க ஆள் இல்லை.

சுற்றாமல் நிற்கும் ஆலை பாதுகாப்பாக இருக்கும் என்று நினைப்பது தவறு. மரம் ஒரே நிலையில் நின்றால், இறக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் மழைநீர் தங்கி உளுத்துப்போகும். அசைவில்லாத கட்டைகளில் வண்டுகள் துளையிட்டுக் குடிபுகும். தண்டின் எடை ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருக்கும். ஆலை ஓடும்போது, கட்டைகள் அதிர்கின்றன, காற்றோட்டம் கிடைக்கிறது, வாரந்தோறும் ஒருவர் உள்ளே சென்று, எங்கே கசிகிறது, எது தளர்ந்துள்ளது என்று பார்க்கிறார். சிறிய பழுது பெரிய பழுதாவதற்குமுன் கண்ணில் பட்டுவிடும்.

இதை உணர்ந்த ஆர்வலர்கள், 1972ஆம் ஆண்டில் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கான கழகம் ஒன்றைத் தொடங்கினர். ஆசிரியர், தச்சர், கணினிப் பொறியாளர், மாணவர் எனப் பலதரப்பட்டவர்களும் இதில் பயிற்சி பெறுகிறார்கள். குறைந்தது 150 மணி நேரம் ஆலையில் பழக வேண்டும். எல்லாப் பருவக் காற்றையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால், சில வாரங்களில் அவசரமாக முடித்துவிட முடியாது. இறுதியில் தேர்வு உண்டு. பாய் கட்டுவதோடு, மேகங்களைப் பார்த்து வானிலையைக் கணிப்பதும் அத்தேர்வில் இடம்பெறும். நூலில் படித்தால் மட்டும் இந்த அறிவு வராது; அறிந்தவரின் அருகில் நின்று பழக வேண்டும். 1997ஆம் ஆண்டில் கிண்டர்டைக் ஆலைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இருபது ஆண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டில், காற்றாலைகளையும் நீராலைகளையும் ஓட்டும் கைத்திறனும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அதே யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. முதலில் கட்டடத்துக்குக் கிடைத்த மதிப்பு, பிறகு கைகளுக்கும் கிடைத்தது.

கட்டடம், கைத்திறன் ஆகியவற்றுடன் மூன்றாவதாக ஒன்றையும் காக்க வேண்டியுள்ளது. அதுதான் காற்று. ஆலையின் அருகில் உயரமான கட்டடமோ மரக்கூட்டமோ வந்துவிட்டால் காற்று சிதறும். சிதறிய காற்றில் இறக்கை சீராகச் சுற்றாது. எனவே, பல இடங்களில் ஆலையைச் சுற்றிச் சில நூறு மீட்டர்வரை எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு உயரம் மரம் வளர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கிண்டர்டைக்கின் திறந்தவெளி தற்செயலாக அமைந்ததன்று.

அங்குள்ள பெரும்பாலான ஆலைகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் மிதிவண்டி நிற்கும். கொடியில் துணி காயும். அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்ட ஆலைகளைத் தவிர மற்றவை பிறர் வீடுகள் என்பதைப் பயணிகள் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள். படம் எடுக்கும் ஆர்வத்தில் பிறர் தோட்டத்துக்குள் நுழைவது, அங்கே மட்டுமன்றி எங்குமே அழகன்று. 19 ஆலைகளுள் ஒன்றான பிளோக்வேர் ஆலை 1997ஆம் ஆண்டில் தீயில் எரிந்துபோனது. அதைப் பழைய முறைப்படியே மீண்டும் கட்டினார்கள். இன்று அதுவும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

நின்றிருக்கும் ஆலையும் பேசும் என்பது டச்சுக்காரர்களின் வழக்கம். முன்பக்கத்திலிருந்து பார்த்தால், இறக்கைகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அவற்றை எந்த நிலையில் நிறுத்துகிறார்கள் என்பதில் பொருள் உண்டு. கூட்டல் குறிபோல் நின்றால் சிறிது நேர ஓய்வு. பெருக்கல் குறிபோல் சாய்ந்து நின்றால் நீண்ட ஓய்வு. இவை இடத்துக்கு இடம் சற்று மாறும். ஓர் இறக்கை உச்சியை அடையச் சற்றே இருக்கும்போது நிறுத்தினால், அது மகிழ்ச்சி நிலை. திருமணம், குழந்தைப் பிறப்பு ஆகியவற்றுக்கு அப்படி நிறுத்துவார்கள். இன்னும் ஏறவேண்டிய இறக்கை, வரவிருப்பதைக் குறிக்கிறது. உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கிய நிலையில் நிறுத்தினால், அது துக்க நிலை. அந்த இறக்கை, கடந்து போனதைக் குறிக்கிறது. தொலைபேசி இல்லாத காலத்தில், வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்தே ஆலைக்காரரின் வீட்டுச் செய்தியைத் தெரிந்துகொண்டார்கள்.

2014ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் எம்எச் 17, உக்ரைன் வான்பரப்பில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர். ஆறு நாள் கழித்து, முதல் உடல்கள் நெதர்லாந்தின் ஐந்தோவன் விமான நிலையத்தில் வந்திறங்கின. அன்று, ஜூலை 23ஆம் நாள், நாடு முழுவதும் துக்கம் அனுசரிக்கப்பட்டது. தேவாலய மணிகள் ஒலித்தன. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. நாட்டின் பல பகுதிகளிலும் ஆலைக்காரர்கள் தத்தம் ஆலைக்குச் சென்று, இறக்கைகளைத் துக்க நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த விமானத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் டச்சுக்காரர்கள். 43 பேர் மலேசியர்கள்.